குளவிக் கூட்டைக் கலைக்கும் முன்

வீட்டில் குளவி கூடு கட்டினால் விரைவில் தொட்டில் ஆடும் என்று நம் பாட்டிமார்கள் சொல்வதுண்டு. ஆனால், அவர்கள் சொன்ன குளவி வேறு. கிள்ளானில் என் மாமாவை மருத்துவமனைக்கு அனுப்பிய குளவி வேறு. இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது உயிரைக் காக்கும்.

பாட்டிமார்கள் கண்டது மண்குளவி. ஈரமண்ணைச் சிறு உருண்டைகளாகக் கொண்டுவந்து, சுவர் மூலையில் அறை கட்டும். இதற்குக் கூட்டமில்லை, பெண்குளவி தனியாகவே உழைக்கும். புழுவையோ சிலந்தியையோ கொட்டிச் செயலிழக்கச் செய்து, அறைக்குள் வைத்து, முட்டையிட்டு மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் இளம்புழு அந்த இரையைத் தின்று வளர்ந்து, குளவியாக வெளியேறும். உள்ளே போன புழுவே கொட்டுப்பட்டுக் குளவியாக மாறியது என்ற பழைய நம்பிக்கைக்கு இதுவே காரணம். மண்குளவி மனிதரை அரிதாகவே கொட்டும். வெளியேறும் துளைகள் தெரிந்தால், வெறுங்கூட்டைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

மலாய் மொழியில் ‘தெபுவான்’ எனப்படும் பெருங்குளவியோ கூட்டமாக வாழ்வது. நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வகைக்குக் கறுத்த உடலும், வயிற்றின் முன்பகுதியில் மஞ்சள் பட்டையும் இருக்கும். மரநாரை மென்று, எச்சிலுடன் குழைத்துக் காகிதம் போன்ற கூட்டைக் கட்டும். ராணி தனியாகத் தொடங்கும் சிறு கூடு, சில மாதங்களில் பந்தைவிடப் பெரிதாகிவிடும். தேனீ நம்மைக் கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். குளவிக்கு அப்படியல்ல, ஒரே குளவி பலமுறை கொட்டும்.

மாமா வீட்டுக் கூரை விளிம்பில் இருந்தது இத்தகைய கூடுதான். “இரவில் குளவிக்குக் கண் தெரியாது, கொளுத்திவிடலாம்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் மூங்கிலில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றிப் பற்ற வைத்தார். மாமா ஏணியில் நின்று டார்ச்லைட் அடித்தார். கூட்டின் வெளிச்சுவர் பல அடுக்குகளைக் கொண்டது. வெளி அடுக்கு எரிவதற்குள் உள்ளிருந்தவை வெளியேறின. இருட்டில் அவை வெளிச்சத்தை நோக்கித்தான் பறக்கும். வெளிச்சம் மாமாவின் கையில் இருந்தது. முதலில் கொட்டியதை அவர் அடித்து நசுக்கினார். குளவியின் நஞ்சோடு வெளிப்படும் ஒருவகை வாடை, மற்றக் குளவிகளுக்கு அபாய அறிவிப்பாகும். அடுத்த சில நொடிகளில் ஏழெட்டுக் கொட்டுகள். ஏணியிலிருந்து விழுந்தவருக்குக் கால்மணி நேரத்தில் உடலெங்கும் தடிப்பு. முகம் வீங்கி மூச்சுத் திணறியது. மருத்துவமனையில் உடனே அட்ரினலின் ஊசி போட்டதால் பிழைத்தார். கூரைப் பலகையும் கருகியிருந்தது.

குளவி கொட்டினால் முதலில் கூட்டைவிட்டு வெகுதூரம் விலகி, மூடிய அறைக்குள் செல்ல வேண்டும். கொட்டிய இடத்தைச் சோப்பால் கழுவி, குளிர் ஒத்தடம் கொடுக்கலாம். மூச்சுத் திணறல், நாக்கு வீக்கம், தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 999-ஐ அழைக்க வேண்டும். இது ஒவ்வாமையின் அடையாளம். ஒரே கொட்டும் உயிரைப் பறிக்கலாம். பல குளவிகள் கொட்டியிருந்தால், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்வதே நல்லது. நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கும் அறிகுறி பிறகுதான் தெரியும். சிறுநீர் கருத்துப் போவது அவற்றுள் ஒன்று.

கூட்டை அகற்றுவது கவச உடையும் பயிற்சியும் உள்ளவர்களின் வேலை. மலேசியாவில் பொதுத் தற்காப்புப் படையினர் இப்பணியைச் செய்கின்றனர். அவர்கள் வரும்வரை கல்லெறியாமல், புகை போடாமல், பிள்ளைகளை அப்பக்கம் விடாமல் இருந்தாலே போதும். தோட்டத்துப் புழுபூச்சிகளை வேட்டையாடும் குளவி நமக்குப் பகையன்று. ஆகவே, கூட்டைக் கண்டதும் நெருப்பைத் தேடாமல், அது மண்கூடா காகிதக்கூடா என்று தொலைவில் நின்று பார்ப்போம். மண்கூடென்றால் பொறுத்திருப்போம், காகிதக்கூடென்றால் தொலைபேசியை எடுப்போம்.