காயத்தின் போக்கைச் சொல்லும் குமிழ்

மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து கண் விழிக்கும் பெண்கள் பலரை வலியைவிட அதிகமாகக் கலங்க வைப்பது ஒரு குழாய். விலாவோரம் தோலைத் துளைத்துக்கொண்டு மெல்லியதாக வெளியே வருகிறது. அதன் நுனியில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு குமிழ், அதற்குள் சிவப்பாக ஏதோ தேங்கி நிற்கிறது. 'இவ்வளவு ரத்தம் போகிறதே!' என்று உடனிருப்பவர்களும் பதறிவிடுவார்கள். பெரும்பாலும் பதறத் தேவையில்லை.

கழுத்து வலி, தோள்பட்டையில் பிரா பட்டை பதிந்த பள்ளம், மார்புக்கு அடியில் ஓயாத வேனற்புண் என்று ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டவர்களே இந்தச் சிகிச்சைக்கு வருகிறார்கள். கொழுப்பையும் சுரப்பித் திசுவையும் எடுத்துவிட்டு, மீதமிருப்பதை மேலே தூக்கித் தைக்கும்போது உள்ளே பரந்த காயப் பரப்பு உண்டாகிறது. அறுபட்ட நுண்குழல்களிலிருந்து ரத்தமும் நிணநீரும் கசியும். அது தேங்கினால் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது தாமதமாகும். கிருமி பெருகவும் இடம் கிடைக்கும். அந்த நீரை வெளியே எடுக்கத்தான் வடிகுழாய். ஆஸ்பத்திரியில் 'டிரெய்ன்' என்பார்கள். வைத்தால் பக்கத்துக்கு ஒன்றாக வைப்பார்கள்.

காயத்தில் குழாய் வைக்கும் பழக்கம் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பென்ரோஸ் மெல்லிய ரப்பர் குழாயைப் பயன்படுத்தினார். அதில் நீர் தானாகக் கசிந்து கட்டுத்துணியில் ஊறும். மறுமுனை திறந்தே கிடப்பதால் கிருமிக்கும் அதுவே வழி. இன்று பரவலாகப் புழங்கும் சிலிகான் குமிழ் ஜாக்சன், பிராட் என்ற இரு அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் பெயரைத் தாங்கியது. மூளையின் உறைக்கு அடியில் தேங்கும் ரத்தத்தை வடிக்க அவர்கள் உருவாக்கிய குழாய் அது. 1970-களின் தொடக்கத்தில் அதைப் பற்றி எழுதினார்கள். மண்டைக்குள் வைக்கச் செய்த கருவி பிறகு வயிறு, மார்பு என்று உடலெங்கும் இறங்கிவிட்டது.

இதில் மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. மை ஊற்றும் பில்லரை அழுத்திப் பிடியைத் தளர்த்தினால் மை மேலே ஏறுமே, அதே விசைதான். மூடியைத் திறந்து குமிழை நன்றாக நசுக்கி, நசுக்கிய நிலையிலேயே மூட வேண்டும். பழைய வடிவத்துக்குத் திரும்ப முயலும் சிலிகான், காயத்துக்குள்ளிருந்து நீரை மெல்ல இழுக்கிறது. வரிசை மாறி முதலில் மூடிவிட்டால் இழுவிசையே இருக்காது. நீர் நிறைய நிறைய இழுப்பு குறைவதால் பாதி நிறைந்ததுமே கொட்டிவிடுவது நல்லது. நீரே இல்லாமல் குமிழ் உப்பியிருந்தால் எங்கோ காற்று புகுகிறது. மீண்டும் நசுக்கி மூடியும் உப்பிக்கொண்டே இருந்தால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

குழாயில் சில நேரம் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு, தோலுக்கு அருகே குழாயை ஒரு கையால் அசையாமல் பிடியுங்கள். இந்தப் பிடி விட்டுப்போகவே கூடாது, விட்டால் குழாயைத் தோலோடு பிடித்திருக்கும் தையல் இழுபடும். மறு கையின் இரு விரல்களால் குழாயை அழுத்தியபடியே குமிழ் வரைக்கும் உருவுங்கள். உள்ளே நூல் நூலாகத் தெரியும் கட்டிகள் நகர்ந்து போவது கண்ணுக்கே தெரியும். எத்தனை முறை உருவ வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது, வடியும் நீரை அளந்து நோட்டில் எழுதுவது. குமிழில் உள்ள கோடுகளை முழுதாக நம்பாமல் அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். தேதி, நேரம், மில்லிலிட்டர், நிறம் ஆகியவற்றை இடது, வலது என்று தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதினால் எந்தப் பக்கம் ஆறுகிறது என்று யாருக்கும் தெரியாது. முதலில் சிவப்பாக வருவது நாளாக நாளாக இளஞ்சிவப்பாகி, பிறகு வைக்கோல் மஞ்சளாக மாறும். அளவும் குறைந்துகொண்டே வரும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடலாம் என்பது பலர் பின்பற்றும் அளவு. சில மருத்துவர்கள் அறுவை சிகிச்சைக்கு மறுநாளே எடுத்துவிடுவதும் உண்டு.

இந்தப் போக்கு தலைகீழானால் காத்திருக்காதீர்கள். வெளிறிய நீர் திடீரென்று பளிச்சென்ற சிவப்பாவது, குமிழ் மளமளவென்று நிறைவது, ஒரு மார்பு மட்டும் இறுகி வீங்கி வலிப்பது, காய்ச்சல், நாற்றம், சீழ், பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே அழைக்க வேண்டும். நீர் சட்டென்று நின்றுபோய் வீக்கம் கூடினால் காயம் ஆறிவிட்டது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். குழாய் அடைத்திருக்கலாம்.

குமிழைத் தொங்கவிட்டு நடந்தால் அதன் எடை தையலை இழுக்கும். முன்பக்கம் திறக்கும் தளர்ந்த நைட்டியில், காயத்துக்குக் கீழே இருக்கும்படி, குமிழிலுள்ள வளையத்தில் ஊக்கு மாட்டிக்கொள்ளலாம். குழாயில் ஊக்குக் குத்திவிடக் கூடாது.

எல்லோருக்கும் இந்தக் குழாய் தேவையா? இதே சிகிச்சையைப் பற்றிய சோதனைகளை அலசி 2013-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கிடைத்த குறைந்த ஆதாரங்களின்படி வடிகுழாயால் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை என்றது. வைக்காதவர்கள் சீக்கிரம் வீடு திரும்பக்கூடும் என்றும் சொன்னது. அதனால் பல மருத்துவர்கள் இப்போது வழக்கமாக வைப்பதில்லை; தேவை என்று பட்டால் வைக்கிறார்கள். 'எனக்கு ஏன் வைக்கிறீர்கள்?' என்று சிகிச்சைக்கு முன்பே கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

எடுக்கும் நாளை நினைத்துத்தான் பலருக்கும் பயம். தையலை வெட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, ஒரே சீராக உருவிவிடுவார்கள். உள்ளே ஏதோ ஊர்வது போல் சில நொடிகள் இருக்கும். துளையிலிருந்து ஓரிரு நாள் லேசாகக் கசியும், அதற்குப் பஞ்சுக்கட்டே போதும். அதற்குப் பிறகு மார்பில் தண்ணீர்ப்பை போல் ததும்பும் வீக்கம் தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள்.