சக்கரத்தின் பிடிமானம்: இண்டியானாபொலிஸ் முதல் மகர்பட்டா வரை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, வழக்கம்போல் ஏதாவது பழைய நூலைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை டயரைப் பற்றி எழுதுகிறேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அடியேன் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1984-ல் புணேவுக்கு வந்து ஹடப்ஸரில் இரும்புச் சாமான் கடை வைத்தேன். இன்று நான் மகனோடு குடியிருக்கும் மகர்பட்டா அப்போது கரும்பு வயல். இரும்புப் பட்டை போட்ட சக்கரத்தோடு மாட்டு வண்டிகள் போன தடத்தில் இன்று நம் பிள்ளைகள் முந்நூறு குதிரைத்திறன் உள்ள கார்களை ஓட்டுகிறார்கள். கார் வாங்கும்போது எஞ்சினைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் டயரைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசுவதில்லை. என் மாப்பிள்ளையும் அப்படித்தான்.

2022-ல் அவர் பழைய ஜெர்மன் கார் ஒன்று வாங்கினார். பின் சக்கரம் இழுக்கும் வண்டி, நல்ல வேகம். ஜூன் மாதம் முதல் மழையன்று சாத்தாராவிலிருந்து திரும்பும்போது, காத்ரஜ் சுரங்கம் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு. முன்னால் போன லாரி வேகம் குறைத்தது, இவர் பிரேக் போட்டார். வண்டியின் பின்பக்கம் தனியாகச் சுற்றிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் மோதியது. உள்ளே என் மகளும் ஐந்து வயதுப் பேரனும். மகளுக்குத் தோளில் அடி, குழந்தைக்கு ஒன்றுமில்லை. பின்னால் வந்த பஸ் எப்படி நின்றது என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். "மாமா, டயர்ல பட்டன் எல்லாம் நல்லாத்தானே இருக்கு? புதுசு மாதிரின்னுதானே வித்தவர் சொன்னாரு?" என்றார் மாப்பிள்ளை. பட்டன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பின் டயரின் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் 3414 என்று நான்கு எண்கள். "மாப்பிள்ளை, இது 2014-ஆம் வருஷம் 34-ஆவது வாரத்தில் செய்த டயருங்க. எட்டு வயசு ஆகப்போகுது" என்றேன். நகத்தால் அழுத்திப் பார்த்தால் ரப்பர் மரம் மாதிரி இருந்தது. முன்னால் இரண்டு மட்டும் புத்தம் புதிது. அதற்கும் முந்தைய மாதம்தான் ஒரு கடையில் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அன்று முதல் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒன்றரை டன் காரும் சாலையும் தொட்டுக்கொள்ளும் இடம் எவ்வளவு என்பது. ஒரு டயருக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. நான்கு உள்ளங்கையில்தான் குடும்பமே போகிறது. பள்ளிக்கூடத்தில், உராய்வுக்குப் பரப்பளவு முக்கியமில்லை, எடைதான் முக்கியம் என்று சொல்லித் தந்தார்கள். இரும்புக்கும் மரத்துக்கும் அது சரி. ரப்பர் அந்தக் கணக்குக்கு அடங்காது. மென்மையான ரப்பர் சாலைக் கல்லின் மேடு பள்ளத்துக்குள் அமுங்கி, மெதுவாகத்தான் நிமிர்கிறது. அப்படி அமுங்கிக் கவ்வுவது ஒன்று, மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டும் சேர்ந்ததே பிடிமானம். ஒரே இடத்தில் எடையைக் கூட்டக் கூட்ட, பிடிமானம் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வேகக் கார்களுக்கு அகலமான டயர் போடுவது இதனால்தான். ரப்பர் வயதாகி இறுகிவிட்டால் கல்லுக்குள் அமுங்காது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வழுக்கும்.

பட்டன்தான் பிடிமானம் தருகிறது என்று நாம் நினைக்கிறோமே, அது தலைகீழ். காய்ந்த தரையில் மொட்டை டயருக்குத்தான் பிடி அதிகம். பந்தயக் கார் டயரைப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளங்கள் மழைத்தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். நம் நாட்டுச் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. அது வெயில் காலத்துக்குப் போதும். புணே மழைக்கு மூன்றுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதே என் வழக்கம். வாய்க்கால் ஆழம் குறைந்தால் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாத கணக்கு.

பிடிமானத்தைக் கல்லாப்பெட்டியில் உள்ள நூறு ரூபாயாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், வளைவில் திரும்புவதும் அதிலிருந்துதான். இதில் ஒரு விசித்திரம், பிரேக்குக்கு எண்பது எடுத்தால் திரும்ப மிச்சம் இருபது அல்ல, அறுபது. செங்கோண முக்கோணக் கணக்கு (எண்பதின் வர்க்கமும் அறுபதின் வர்க்கமும் சேர்ந்தால் நூறின் வர்க்கம்). ஆனால் பிரேக்குக்கே நூறும் எடுத்துவிட்டால் திரும்புவதற்குச் சல்லிக்காசு கிடையாது. இறக்கத்து வளைவில் பிரேக் போட்டால் எடை முன்னுக்குச் சாய்ந்து பின் டயரின் கல்லாவே சிறுத்துப்போகும். அங்கே கிழட்டு டயரும் இருந்தால் முதல் செலவிலேயே திவால். எனவே இரண்டே இரண்டு புது டயர் வாங்கினாலும் அவற்றைப் பின்னால்தான் போட வேண்டும், முன் சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் சரி. முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேரே போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும். பின்பக்கம் வழுக்கினால் சுற்றும்.

டயர் ஒரு முழுப் பந்தயத்தையே தீர்மானித்த கதை நம்மவர் ஒருவரோடு சம்பந்தப்பட்டது. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர், ஜோர்டான் அணியில் இருந்தார். அங்கே 13-ஆம் வளைவு சாய்தளமாக, முழு வேகத்தில் எடுக்க வேண்டியது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமேக்கரின் டொயோட்டா காருக்கு இடது பின் டயர் போய், சுவரில் மோதியது. அந்த வளைவில் முழு வேகத்தில் பத்துச் சுற்றுக்கு மேல் எங்கள் டயருக்கு உத்தரவாதம் தர முடியாது என்று மிஷெலின் நிறுவனம் சொல்லிவிட்டது. பந்தயமோ 73 சுற்று. அந்த ஆண்டு விதிப்படி பந்தய நடுவில் டயர் மாற்றவும் கூடாது. வளைவில் வேகத்தடுப்பு வைக்கக் கேட்டார்கள், நிர்வாகம் மறுத்தது. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷெலின் போட்ட 14 கார்களும் உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார்.

ஆறு பேரில் நாலாவது என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 73 சுற்று ஓட்டி முடிப்பது விளையாட்டல்ல. மிஷெலின் செய்ததையும் ஒரு வியாபாரியாக நான் மதிக்கிறேன். சரக்கில் குறை என்று தெரிந்ததும் ஓட்டாதே என்று சொன்னார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணத்தையும் திருப்பித் தந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கார் விற்றவருக்கு அந்த மனசு வரவில்லை!

சரி, நம் வீட்டு வண்டிக்கு வருவோம். காற்றுதான் பாதி வைத்தியம். எக்ஸ்பிரஸ் வேயில் டயர் வெடிக்கிறதே, காங்கிரீட் சாலைதான் காரணம் என்பார்கள். நான் படித்தவரை முதல் குற்றவாளி காற்றுக் குறைவு. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் அது நிமிடத்துக்கு எண்ணூறு முறைக்கு மேல் நடக்கும். சூட்டில் உள்ளடுக்குகள் பிரியும், பிறகு வெடிப்பு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பிடிக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத் தெரியும், அதற்காகக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜன் அடிப்பது கெடுதல் இல்லை, ஆனால் சும்மா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

வேகக் கார்களில் இன்னொரு சங்கதி. வளைவில் நன்றாகப் பிடிப்பதற்காகச் சக்கரத்தின் மேல்பக்கத்தை லேசாக உள்நோக்கிச் சாய்த்திருப்பார்கள். அதனால் டயரின் உள்ஓரம் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துவைத்து, குனிந்து பார்க்க வேண்டும். பின் டயருக்கு வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். டயர் மாற்றும்போது ஓரத்து எழுத்தையும் கவனியுங்கள். வி என்றால் 240 கிலோமீட்டர் வேகம் தாங்கும், டபிள்யூ 270, ஒய் 300. விலை குறைவென்று கீழ் எழுத்துக்கு இறங்கக் கூடாது. வயது ஐந்தைத் தாண்டினால் ஆண்டுக்கொரு முறை சோதனை, பத்தைத் தாண்டினால் எறிந்துவிடு என்பது பெரிய கம்பெனிகள் பலவற்றின் அறிவுரை.

அலாய் சக்கரத்தைச் சூடாக இருக்கும்போது தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், ஆசிட் கலந்த திரவமும் வேண்டாம். பள்ளத்தில் விழுந்து விரிசல் விட்டால் வெல்டிங் வைக்காமல் மாற்றிவிடுங்கள். நட்டுகளை எதிரெதிராக நட்சத்திர வரிசையில் முறுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் உள்ள ஒரு தெருவின் பெயர். உபரிச் சக்கரம் செய்து விற்ற கடை அங்கே இருந்தது. நமக்கு இந்த யோசனை அதைவிட மிகப் பழையது. புறநானூறு 102-ஆம் பாட்டில் உப்பு வணிகர் வண்டியின் அடியில் 'சேம அச்சு' கட்டிக்கொண்டு போவதை ஒளவையார் உவமையாகச் சொல்கிறார். மேடும் பள்ளமும் வரும், அச்சு முறியும் என்று தெரிந்த வியாபாரிகள். இன்றைய வேகக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. காற்றுப்போனாலும் ஓடும் டயர் என்று கொடுக்கிறார்கள். அதுவும் பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம், 80-ஐத் தாண்டாத வேகத்தில் மட்டும்.

மாப்பிள்ளை நான்கு டயரையும் மாற்றிவிட்டார். இப்போது பேரன்தான் வாரந்தோறும் குனிந்து டயர் எண்களை எனக்கு வாசித்துக் காட்டுகிறான். அடுக்குமாடி வண்டி நிறுத்தத்தில் பக்கத்து வீட்டார் கார்களையும் விடுவதில்லை. போன மாதம் ஒன்றில் 2012 என்று கண்டுபிடித்து, பன்னிரண்டு வருஷம் தாண்டிய டயர் என்று கத்தினான். அது 2012-ஆம் ஆண்டு இல்லையடா, அதே 2012-ன் இருபதாவது வாரம் என்று விளக்கினேன். "வயசு ஒண்ணுதானே தாத்தா?" என்றான். ஒன்றுதான். அன்று மாலையே அந்த வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.