பிள்ளை பாரீசில்... மூன்று ரிமோட் பாட்டி கையில்!

காரைக்கால் வீடுகளில் கைகொடுக்கும் ‘யுனிவர்சல்’ ரிமோட்: வாங்குமுன் தெரிய வேண்டிய சங்கதிகள்

காரைக்கால்,

ஒரு டி.வி. பார்க்க எத்தனை ரிமோட் வேண்டும்?

“ஒன்று போதாதா?” என்று கேட்பவர்கள் காரைக்கால் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். டி.வி.க்கு ஒன்று. செட்டாப் பாக்சுக்கு ஒன்று. பிள்ளை வாங்கி வைத்துவிட்டுப் போன ஸ்பீக்கர் செட்டுக்கு இன்னொன்று. ஆக மூன்று!

மூன்றும் கறுப்பு. மூன்றிலும் சிவப்புப் பட்டன். எழுத்தோ எறும்பு சைஸ். கண்ணாடி போட்டாலும் தெரியாது!

பாட்டி ஒன்றை எடுத்து அமுக்குகிறார். டி.வி. வருகிறது, படம் வரவில்லை. இன்னொன்றை அமுக்குகிறார். திரை நீலமாக நிற்கிறது. மூன்றாவதை அமுக்கினால் இருந்த சத்தமும் போச்சு! அப்புறம் என்ன? கேபிள்காரருக்குப் போன். “தம்பி, டி.வி. கெட்டுப் போச்சுப்பா!”

டி.வி. கெடவில்லை. ‘ஏ.வி.’ பட்டனில் கை பட்டிருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி!

சிரிக்கிற விஷயமா?

கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

காரைக்கால் சின்ன ஊர். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சி. 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்சன் வாங்கிய ‘சொல்தா’ வீடுகளும் உண்டு. அந்த வழியில் பாரீசுக்குப் போனவர்கள் ஒரு பக்கம். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று கப்பலும் விமானமும் ஏறியவர்கள் இன்னொரு பக்கம்.

பிள்ளைகள் அங்கே. வயதான தாய் தகப்பன் இங்கே. வீட்டில் பேச்சுத் துணைக்கு இருப்பது டி.வி. ஒன்றுதான்!

மாங்கனித் திருவிழாவுக்கோ விடுமுறைக்கோ வருகிற பிள்ளை, பெரிய டி.வி. வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார். “இதை அமுக்கும்மா, அப்புறம் இதை அமுக்கும்மா” என்று சொல்லியும் கொடுக்கிறார். பிள்ளை விமானம் ஏறியதும் பாடமும் கூடவே ஏறிவிடுகிறது!

இதில் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. இது கடலோரம். 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2018 நவம்பர் 16 ‘கஜா’ புயலையும் கண்ட மண். புயல் வருகிறது என்றால் முதலில் பார்ப்பது டி.வி. செய்தியைத்தான். அந்த நேரத்தில் திரை நீலமாக நின்றால்?

திருகு போய் ரிமோட் வந்தது!

ஒரு காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. சாலிடேர், டயனோரா டி.வி.க்களில் ரிமோட் ஏது? கதவைத் திறந்து, திருகைத் திருப்ப வேண்டியதுதான். வீட்டில் இருந்த கடைக்குட்டிப் பையன்தான் ரிமோட்!

சென்னை தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். ஆனால் டெல்டா கடலோரத்துக்கு அது எட்டாக்கனி. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி ஆரம்பித்தது. கடல் தாண்டி வந்த அந்தப் படத்தைப் பிடிக்கக் கடலோர ஊர்களில் மாடிக்கு மாடி உயரமான ஆன்டெனா முளைத்தது. காற்றடித்தால் ஒருவர் மாடியில் ஏறித் திருப்ப, கீழே இருந்து “வந்துடுச்சு... போயிடுச்சு...” என்று இன்னொருவர் கத்த வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து பெட்டி கொண்டுவந்தவர்கள் பாடு இன்னும் வேடிக்கை. பிரான்சில் ‘செகாம்’ முறை ஒளிபரப்பு. இந்தியாவில் ‘பால்’ முறை. பிரான்சுக்கென்றே செய்த செட்டை இங்கே வைத்தால் படம் ஒழுங்காக வராது. சிங்கப்பூரும் ‘பால்’ என்பதால் அந்தப் பெட்டிக்கு அதிர்ஷ்டம்!

பெட்டி ஓடினாலும் ரிமோட் உடைந்தால் போச்சு. அந்த மாடலுக்கு மாற்று ரிமோட்டை உள்ளூர்க் கடையில் எங்கே தேடுவது? இங்கேதான் ‘யுனிவர்சல்’ ரிமோட் உள்ளே நுழைகிறது.

கண்ணுக்குத் தெரியாத டார்ச்!

ரிமோட் முனையில் இருப்பது சின்னப் பல்பு. அது விடுவது அகச்சிவப்பு ஒளி. மனிதக் கண்ணுக்குத் தெரியாது.

நம்பிக்கை இல்லையா? மொபைல் கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்கு நேரே காட்டிப் பட்டனை அமுக்குங்கள். பல்பு மின்னுவது திரையில் தெரியும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். மின்னினால் பல்பும் செல்லும் வேலை செய்கின்றன. ரிமோட் ரிப்பேரா, டி.வி. ரிப்பேரா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலப வழி இல்லை!

அந்த ஒளி விநாடிக்குச் சுமார் 38 ஆயிரம் தடவை துடிக்கிறது. ட்யூப் லைட், வெயில் போன்ற மற்ற வெளிச்சத்தோடு குழம்பாமல் இருக்கத்தான் இந்தத் துடிப்பு. அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்பி, தந்தி பாஷை மாதிரி ‘இன்ன கம்பெனிப் பெட்டி, இன்ன வேலை’ என்று சொல்கிறது ரிமோட். ஒவ்வொரு கம்பெனிக்கும் பாஷை வேறு. அதனால்தான் ஒருவர் ரிமோட்டுக்கு இன்னொருவர் டி.வி. அசைவதில்லை. ஒரே கம்பெனி என்றால் பக்கத்து வீட்டு ரிமோட்டும் வேலை செய்யும்!

யுனிவர்சல் ரிமோட் என்பது பல பாஷை தெரிந்த துபாஷி. நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் குறியீடுகளை உள்ளே பதிந்து வைத்திருக்கிறது. எந்தப் பாஷை பேச வேண்டும் என்று நாம் சொல்லிவிட்டால் போதும். பெட்டி துபாயில் வாங்கியதா, சிங்கப்பூரில் வாங்கியதா என்பது அதற்குக் கவலை இல்லை. குறியீடு பொருந்தினால் சரி!

ஆப்பிள்காரர் செய்த வேலை

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஜெனித் கம்பெனியின் யூஜின் பாலி 1955-ல் டார்ச் மாதிரி ஒளி அடிக்கும் ரிமோட்டைச் செய்தார். வெயில் பட்டாலே சேனல் மாறியது! மறு வருஷம் அதே கம்பெனியின் ராபர்ட் ஆட்லர், காதுக்குக் கேட்காத ஒலியில் இயங்கும் ரிமோட்டைச் செய்தார். அதற்குச் செல்லே வேண்டாம். உள்ளே அலுமினியத் தண்டு. அதைத் தட்டச் சின்னச் சுத்தி. பட்டனை அமுக்கினால் ‘டிக்’!

ஆப்பிள் கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், அங்கிருந்து விலகிய பின் 1987-ல் பல ரிமோட்டுகளின் வேலையைக் கற்றுக்கொள்ளும் ஒரே ரிமோட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டர் மேதைக்கே வீட்டு ரிமோட்டுகளால் தலைவலி என்றால், நம் பாட்டியைக் குறை சொல்லலாமா?

விலை உயர்ந்த யுனிவர்சல் ரிமோட்டுகளில் பேர் போனது லாஜிடெக் கம்பெனியின் ‘ஹார்மனி’. அதைத் தயாரிப்பதை 2021-ல் நிறுத்திவிட்டார்கள். ஆனால் நம் ஊர்க் கடையில் அட்டையில் கோத்துத் தொங்கும் நூறு, இருநூறு ரூபாய் சரக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது!

ஏன் இரண்டு ரிமோட்?

டி.வி. ஒன்று, பிறகு ரிமோட் ஏன் இரண்டு? காரணம் செட்டாப் பாக்ஸ்.

கேபிளை டிஜிட்டலாக மாற்றும் வேலை 2012-ல் பெருநகரங்களில் தொடங்கியது. கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31. பழைய மாதிரி ஒயரை நேராக டி.வி.யில் செருக முடியாது என்று ஆயிற்று. பெட்டி வந்தது, பெட்டியோடு இன்னொரு ரிமோட்டும் வந்தது.

பெட்டியும் ஆளுக்கொரு விதம். எல்லையைத் தாண்டி நாகூர்ப் பக்கம் போனால் தமிழக அரசு கேபிள் பெட்டி. இங்கே காரைக்காலில் வேறு பெட்டி. அக்கா வீட்டு ரிமோட் தங்கை வீட்டுக்கு ஆகாது!

எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ‘டிராய்’ 2020 ஏப்ரலில் பரிந்துரை செய்தது. நிறுவனத்தை மாற்றினால் பெட்டியையும் மாற்றும் தொல்லை அதனால் தீரும். ஆனால் பரிந்துரை வேறு. வீட்டுக்குள் வருவது வேறு!

கையிலேயே வெண்ணெய்!

கடைக்கு ஓடுமுன் ஒரு நிமிஷம். பல டி.டி.எச். ரிமோட்டுகளில் ‘டி.வி.’ என்று தனியாக நாலைந்து பட்டன் இருக்கும். அவை பாடம் கற்றுக்கொள்ளும் பட்டன்கள்! டி.வி. ரிமோட்டையும் அதையும் முனைக்கு முனை நேராக வைத்துச் சொல்லிக் கொடுத்தால், பவரும் சத்தமும் ஒரே ரிமோட்டில் அடங்கிவிடும். எப்படிச் செய்வது என்று கேபிள்காரரையோ, டிஷ் மாட்டியவரையோ கேட்டால் போதும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் கதை இதுதான்!

அது இல்லாதவர்கள் யுனிவர்சல் வாங்கலாம். கவனிக்க வேண்டியவை:

பழைய ரிமோட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். டி.வி.யின் பின்பக்கம் உள்ள மாடல் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகை உண்டு. ஒன்றில் குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். அல்லது அதுவே ஒவ்வொன்றாகத் தேடும். தேடும்போது டி.வி. அசைந்த உடனே கையை எடுக்க வேண்டும். தவறவிட்டால் முதலிலிருந்து! இன்னொன்று, பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வகை. பழைய ரிமோட் உயிரோடு இருக்கும்போதே இதை வாங்க வேண்டும். குரு போன பின் சீடன் யாரிடம் படிப்பான்?

குறியீட்டு எண்ணை ரிமோட்டின் முதுகில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். சில ரிமோட்டுகளில் செல் மாற்றினால் எண் மறந்துபோகும்.

டி.வி.யில் செருகும் சில ‘ஸ்டிக்’, பேச்சைக் கேட்டு நடக்கும் சில ஸ்மார்ட் டி.வி. ரிமோட்டுகள் புளூடூத்தில் இயங்குபவை. ஒளியால் பேசும் யுனிவர்சல் அவற்றிடம் செல்லாது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

வேண்டாத பட்டன்களை டேப் ஒட்டி மூடிவிடலாம். பவர், சத்தம், சேனல் மூன்றும் தெரிந்தால் போதும். பெரியவர்களுக்குப் பெரிய உபகாரம் இது!

தொடையில் தட்டாதீங்க!

ரிமோட் அமுங்கவில்லை என்றால் நம்மவர்கள் செய்யும் முதல் வைத்தியம், தொடையில் இரண்டு தட்டு. அடுத்தது, செல்லைக் கழற்றிக் கடிப்பது. அதற்கும் மசியாவிட்டால் வெயிலில் காயவைப்பது!

கடல் காற்றடிக்கிற ஊர் இது. செல் உட்காரும் கம்பிச் சுருளில் பச்சையாகத் துரு ஏறும். உலர்ந்த துணியால் துடைத்தாலே பல ரிமோட் பிழைத்துக்கொள்ளும். இரண்டு செல்லையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழசும் புதுசும் கலக்கக் கூடாது. வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் பிள்ளையிடம் போகிறவர்கள் செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது செல் ஒழுகி, ரிமோட்டுக்குச் சமாதிதான்!

ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை போடுவதில் தப்பில்லை, ஒளி ஊடுருவும். டி.வி. மேல் போடும் தடித் துணிதான் எதிரி.

இன்னொன்று: உஷார்! ஒல்லியான சில ரிமோட்டுகளில் நாணயம் மாதிரித் தட்டையான செல் இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். உயிருக்கே ஆபத்து! விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பேரப்பிள்ளை வந்து போகும் வீட்டில் செல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்ட ரிமோட் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

ஊருக்கு வரும்போது ஐம்பது அங்குல டி.வி. வாங்கித் தருகிற பிள்ளைகள், கிளம்புகிற அன்று காலை பத்து நிமிஷம் ஒதுக்கினால் போதும். மூன்று ரிமோட்டை ஒன்றாக்கலாம். எண்ணை எழுதி ஒட்டலாம். அம்மா கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று, அவரையே நாலு தரம் அமுக்கிப் பார்க்கச் சொல்லலாம்.

டி.வி. வாங்க ஆயிரக்கணக்கில் செலவு. அதை அம்மாவால் போட முடிகிறதா என்று பார்க்க ஆகும் செலவு இருநூறு ரூபாயும் பத்து நிமிஷமும்!