போனஸ் இனாம் இல்லை, தோழிகளே!

தீபாவளிக்கு ஒரு சேலையும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்துவிட்டு, 'போனஸ் முடிந்தது' என்று சொல்லும் முதலாளிகள் இருக்கிறார்கள். நாமும் "குடுத்த வரைக்கும் லாபம்"னு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

எங்கள் தோணிரேவு, பழவேற்காடு பக்கம் ஏரி வருமானம் போதாமல் மேஸ்திரி மூலம் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள், "கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு ஏதுக்கா போனஸ்?" என்கிறார்கள்.

உண்டு! 1965-ம் வருட போனஸ் சட்டம் தந்த உரிமை, 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், அரசு சொல்லும் சம்பள வரம்புக்குள் இருப்பவர், வருஷத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும். குறைந்தது 8.33 சதவீதம், அதாவது வருஷ சம்பளத்தில் 12-ல் ஒரு பங்கு. நஷ்டம் என்று கை விரிக்க முடியாது. புதிதாக ஆரம்பித்த கம்பெனிக்கு மட்டும் சலுகை. கணக்கு வருஷம் முடிந்து 8 மாதத்துக்குள் தர வேண்டும்.

மேஸ்திரி தராவிட்டால், கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கலாம். விசாரித்து உறுதியானால், குறைந்தபட்ச போனஸை கம்பெனியே தர வேண்டும்.

ஒருத்தி தனியாகக் கேட்டால், 'நாளையிலிருந்து வராதே' என்பார்கள். எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கேளுங்கள். சம்பளச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உழைத்த காசைக் கேட்க வெட்கம் எதற்கு?

– ஒரு வாசகி, தோணிரேவு.