உழைத்து ஓய்ந்த பிராணிகளின் ஞாபகம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு மணி நேரத்துப் பேருந்துப் பிரயாணத்தில் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் குளிர்காற்றை அனுபவிக்க இறங்கும் இக்காலத்துப் பிரயாணிக்கு, மோட்டார் வருவதற்கு முன்னே இந்தச் சேர்வராயன் மலைக்குப் போன பண்டம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு பிராணியின் முதுகிலோ மனிதன் தோளிலோதான் போயிற்று என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அதன்பின் தோட்டங்கள் பெருகப் பெருக, மேலே அரிசியும் உப்பும், கீழே காப்பிக் கொட்டை மூட்டைகளுமாக நடந்த போக்குவரத்தின் பாரத்தைப் பொதிமாடுகளும் மட்டக்குதிரைகளும், பாதை அகன்ற இடங்களில் வண்டிமாடுகளும் சுமந்தன.

வண்டிமாட்டோடு பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வலப்புறம் பூட்டிப் பழக்கிய மாட்டை இடப்புறம் பூட்டினால் அது நுகத்தடியின்கீழ்க் கழுத்தைக் கொடுக்க மறுத்துத் திமிறும். ஆகையால்தான் வலத்து மாடு, இடத்து மாடு என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் நிலைத்தது. இரவுப் பிரயாணத்தில் வண்டிக்காரர் கண்ணயர்ந்தாலும், பழகிய பாதையானால், தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்தில் நின்று, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்கும் மாடுகள் எத்தனையோ உண்டு. சேலம், தர்மபுரிப் பக்கத்து ஆலம்பாடி மாடுகள் உழவுக்கும் பாரத்துக்கும் பேர்பெற்றவை. அவற்றின் உடல்வலிமையைப் புகழ்ந்தவர்கள், அவற்றின் தலைக்குள் இருந்த வழித்தடங்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. வேலை நின்ற பின்பு அந்த ஞாபகம் என்னவாகிறது என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி.

அழிவதில்லை என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் தரும் விடை. அமெரிக்காவில் குதிரைகளின் அறிவுத்திறனை ஆராய்ந்த எவலின் ஹாங்கி என்னும் அம்மையார், சில குதிரைகளுக்கு உருவங்களை வகை பிரித்தறியவும், இரண்டு பொருள்களில் பெரியது எது என்று தெரிந்தெடுக்கவும் முன்பு கற்பித்திருந்தார். இடையில் எவ்விதப் பயிற்சியும் கொடாமல் விட்டு, ஆறு முதல் பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் சோதித்தபோது, அவை கற்றதை மறக்கவில்லை என்பது புலனாயிற்று. இம்முடிவு 2009-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் பிரான்சு தேசத்தைச் சேர்ந்த கரோல் சாங்கேயும் அவருடன் உழைத்தவர்களும், தீனி கொடுத்து அன்பாகப் பழக்கப்பட்ட இளங்குதிரைகள் பல மாதப் பிரிவுக்குப் பின்னும் பழக்கியவரை நாடி வந்ததையும், அந்நல்லெண்ணத்தை முன்பின் அறியாத மனிதரிடமும் அவை காட்டியதையும் எடுத்துரைத்தனர். ஒருவர் செய்த உபகாரம் மனித ஜாதி முழுவதைப் பற்றியுமே ஒரு குதிரையின் அபிப்பிராயத்தை மாற்றுகிறது என்பது சாமானியமான செய்தியன்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018-ல் இங்கிலாந்தில் லீன் ப்ரூப்ஸ், கரென் மக்கோம்ப் முதலியோர் செய்த சோதனையில், கோபமுகம் காட்டும் ஒருவரின் புகைப்படத்தைக் குதிரைகளுக்குக் காட்டிவிட்டு, சில மணி நேரம் சென்றபின் அதே மனிதரை எவ்வித உணர்ச்சியும் இல்லாத முகத்தோடு நேரில் நிறுத்தினார்கள். அக்குதிரைகள் அவரை இடக்கண்ணாலேயே அதிகமாகக் கவனித்தன. இடக்கண்ணின் காட்சி பெரும்பாலும் மூளையின் வலப்பாகத்துக்குச் செல்கிறது. அபாயத்தை எடைபோடுவதில் அப்பாகத்துக்கே முதன்மை என்பது ஆராய்ச்சியாளர்களின் கொள்கை. எந்தப் படம் காட்டப்பட்டதென்பது எதிரே நின்றவருக்கே தெரியாதாகையால், அவருடைய நடத்தை குதிரைக்குக் குறிப்புக் கொடுத்திருக்கும் என்று ஐயுறுவதற்கும் இடமில்லை. புகைப்படத்தின் கோபமே இவ்வளவு நேரம் தங்குமானால், ஆண்டுக்கணக்கில் தாற்றுக்கோலின் குத்தைப் பட்ட மாட்டின் உள்ளத்தில் எவ்வளவு தங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதை ஞாபகத்துக்கு நம் ராணுவ வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1962-ல் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மலைமுனைகளில் சுமை தூக்கிய ‘பெடோங்கி’ என்னும் கோவேறு கழுதை, 1971-ஆம் ஆண்டுப் போரில் எதிரிப் படையினரிடம் அகப்பட்டு, அவர்கள் ஏற்றிய இயந்திரத் துப்பாக்கியும் குண்டுகளும் முதுகிலிருக்க, தப்பித் தன் முகாமுக்கே நடந்து வந்து சேர்ந்ததாக ராணுவத்தார் பெருமையோடு கூறுகின்றனர். முதுமையில் அதனைக் கைவிடாமல் ராணுவமே பராமரித்தது. 1998-ல் அது இறந்தது.

ஆனால் ஞாபகம் என்றதும் நம் மனம் யானையிடம் செல்வதே இயல்பு. ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள மூளையையும் மனிதனுக்கு நிகரான ஆயுளையும் பெற்ற அப்பிராணிக்கு, ஞாபகம் உயிர்வாழும் கருவியாகவே அமைந்திருக்கிறது. 1993-ல் தான்சானியா நாட்டின் தரங்கிரே காட்டில் கொடிய வறட்சி வந்தபோது, முதிய பெண்யானைகளின் தலைமையில் இருந்த கூட்டங்கள் காட்டைவிட்டு வெளியேறித் தண்ணீரும் தீனியும் தேடிப் போயின. அங்கேயே தங்கிய கூட்டம் அதிகமான கன்றுகளை இழந்தது. வழிகாட்டிய கிழவிகள் 1958 முதல் 1961 வரை நிலவிய முந்திய பஞ்சத்தைக் கண்டிருக்கக்கூடிய வயதினர் என்பதையும், தங்கிவிட்ட கூட்டமோ தன் முதிய யானைகளை வேட்டையாடிகளுக்குப் பறிகொடுத்திருந்தது என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு கிழட்டு யானையோடு முப்பது ஆண்டு அனுபவம் அழிகிறது என்னும் உண்மை துலங்கிற்று.

உழைத்து ஓய்ந்த யானைகளைப் பற்றி உலகம் அறிந்த சம்பவம் அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்தில் நிகழ்ந்தது. சர்க்கஸிலிருந்து விடுவிக்கப்பட்ட ஜென்னி என்னும் யானை அங்குள்ள யானைச் சரணாலயத்துக்கு 1996-ல் வந்தது; 1999-ல் ஷெர்லி என்னும் மூத்த யானை வந்தது. ஜென்னி கன்றாக இருந்த காலத்தில் இரண்டும் ஒரே சர்க்கஸில் சிலகாலம் இருந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்திருந்தவை. ஷெர்லி வந்த அன்றிரவு அடுத்தடுத்த கொட்டடிகளில் விடப்பட்டதும், ஒன்றையொன்று துதிக்கையால் தடவி, உரக்கப் பிளிறி, இடையிலிருந்த இரும்புக் கம்பிகள் வளையும்படி முட்டி நெருங்கின. கதவு திறக்கப்பட்ட பின் தாயும் மகளும் போல வாழ்ந்தன. 2006-ல் ஜென்னி இறந்தது, ஷெர்லி 2021 வரை இருந்தது.

நம் நாட்டிலும் சொல்வதற்கு இருக்கிறது. முதுமலையை அடுத்த கூடலூர்ப் பகுதியிலும் கேரள எல்லையிலும் பல மனித உயிர்களைப் பலிகொண்ட ஒரு மக்னா, அதாவது கொம்பில்லாத ஆண்யானை, 1998-ல் பிடிபட்டது. உடலெங்கும் காயங்களோடு வந்த அதற்குச் சிகிச்சை செய்து காப்பாற்றினார் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. தமிழக வனத்துறையின் யானை மருத்துவராக வாழ்நாளைச் செலவிட்ட அவருடைய பெயராலேயே அது மூர்த்தி என்று அழைக்கப்பட்டது. முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமில் மூர்த்தி மிகச் சாதுவான யானையாக வாழ்ந்து, பணி ஓய்வும் பெற்று, 2024-ல் இறந்தது. காட்டில் அதற்குத் துப்பாக்கியும் கூச்சலும் நேர்ந்தன; முகாமில் மருந்தும் ராகிக் களியும் வெல்லமும் கிடைத்தன, நாள்தோறும் உடனிருக்கும் ஒரு மாவுத்தரும் வாய்த்தார். பழைய ஞாபகத்தை யாரும் அழிக்கவில்லை. அதன்மேல் புதிய ஞாபகத்தைப் பொறுமையாக வளர்த்தார்கள் என்றே நான் கொள்கிறேன். ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமைச் சேர்ந்த கலீம் என்னும் கும்கி, அதாவது காட்டு யானைகளை அடக்கப் பழக்கிய யானை, தொண்ணூற்றொன்பது காட்டு யானைப் பணிகளில் பங்குகொண்டு, 2023 மார்ச்சில் தன் அறுபதாம் வயதில் ஓய்வு பெற்றபோது, வனத்துறையினர் வரிசையாக நின்று அதற்கு மரியாதை செலுத்தினர். அந்த மரியாதையைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று: இம்முகாம்களில் ஓய்வு பெற்ற யானை வேறிடம் அனுப்பப்படுவதில்லை. அதே ஆறு, அதே தோழமை யானைகள், மாலையில் அதே உணவு என்று, வேலை ஒன்று நீங்கலாக யாவும் முன்போலவே தொடர்கின்றன. மாவுத்தருக்கு உதவியாளராக இருக்கும் காவடிக்கும் அந்த யானையின் குணம் தெரியும்; ஆகையால் ஒருவர் விலகினாலும் அது அந்நியர் கையில் விழுவதில்லை.

சேர்வராயன் மலையின் அடிவாரத்திலேயே இதற்கு மாறான ஒரு துயரமும் நிகழ்ந்தது. சேலம் சுகவனேசுவரர் கோயில் யானை இராஜேசுவரி, கால் நோயுற்று, நெடுநாள் துன்பப்பட்டு, எழ முடியாமல் கிடந்தது. 2018 ஏப்ரலில், மருத்துவர்கள் பரிசோதித்துச் சான்று அளித்தால் அதனைக் கருணையோடு இறக்கச் செய்யலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தது. அதற்கு அவசியம் நேராமல் அம்மாதம் 21-ஆம் நாள் அது தானாகவே உயிர் நீத்தது. அப்போது அதற்கு நாற்பத்திரண்டு வயது. காட்டில் பெண்யானை கூட்டத்தை வழிநடத்தத் தகுதி பெறும் பருவம் அது. தன் இனத்தாரோடு கூடி வாழ்வதற்கென்றே இவ்வளவு ஞாபகத்தைப் படைத்த ஒரு ஜீவனை ஆயுள் முழுதும் தனியே கட்டிவைப்பதில் உள்ள கொடுமை எனக்கு ஆறாத வருத்தம் தருகிறது. தனித்து வாழ்ந்த கோயில் யானைகளும் தனியார் யானைகளும் சிலவேனும் ஒன்று கூடி வாழ, திருச்சிராப்பள்ளியை அடுத்த எம்.ஆர். பாளையத்தில் வனத்துறை 2019-ல் தொடங்கிய மறுவாழ்வு மையம் வழி செய்திருக்கிறது.

யானைக்கு இவ்வளவாவது உண்டு. மாட்டுக்கும் மட்டக்குதிரைக்கும் என்ன உண்டு? பாரம் சுமக்கும் பிராணிகளுக்கென்று மத்திய அரசாங்கம் 1965-ல் வகுத்த விதிகள், சிறிய பொதிமாட்டின் முதுகில் 100 கிலோவுக்கும், பெரியதன் முதுகில் 175 கிலோவுக்கும், மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கும், கழுதைக்கு 50 கிலோவுக்கும் மேல் ஏற்றலாகாது என்கின்றன. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது, 37 பாகை வெயில் கடந்தால் நண்பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வேலையே கூடாது என்றும் விதிக்கின்றன. இவை யாவும் வேலை செய்யும் காலத்துக்கானவை. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி பிராணியைக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டுப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமே. எனினும், முதல் முறைக்கு அச்சட்டம் கூறிய அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான். இத்தொகைக்கு அஞ்சி யாரும் கிழமாட்டைக் காப்பாற்றப் போவதில்லை.

ஓய்ந்த மாட்டைக் கோசாலைக்கோ உறவினர் தோட்டத்துக்கோ அனுப்பும் தருமசிந்தை உள்ளவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். வைக்கோலும் தண்ணீரும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று அவர்கள் எண்ணிவிடலாகாது என்பதே என் வேண்டுகோள். பல ஆண்டுகள் ஒரே நுகத்தடியில் நடந்த ஜோடியை, ஒன்றைச் சந்தைக்கும் ஒன்றைத் தொழுவத்துக்குமாகப் பிரிக்காமல் இருக்க இயலுமானால் அதைச் செய்ய வேண்டும். பிரிக்க நேர்ந்தால், பழகிய கை ஒன்றாவது சில நாள் உடன் சென்று தீனி வைக்க வேண்டும். வலத்து மாடா இடத்து மாடா, எந்தக் குரலுக்குத் திரும்பும், எதைக் கண்டால் மிரளும் என்பவற்றை ஒரு சீட்டில் எழுதிப் புதியவரிடம் கொடுத்தால், அவர் அது பழகிய பக்கத்தில் நின்று, பழகிய பெயரால் அழைத்து, முதல் நாளே அதன் கழுத்தைத் தடவிக் கொடுக்கலாம்.