இழையின் வேகமும் இல்லத்தின் வேகமும்

1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரி, 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 68.5 சதவீதம் என்ற அளவில் மாநிலத்தின் கடைசி வரிசையில் நின்றது. ஜனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் கிராமவாசிகளாகவே உள்ள இத்தகைய மாவட்டத்தில், பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு வீட்டின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் மெல்லிய ஃபைபர் கம்பியை வெறும் பொழுதுபோக்குச் சாதனமென்று தள்ளிவிடுவதற்கில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கும், பெங்களூர்க் கம்பெனியின் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் பிள்ளைக்கும் அதுவே சாலை. ஆகையால் அதன் வேகம் எங்கே பிறக்கிறது, எங்கே குறைகிறது என்பதை அறிந்துகொள்வது இக்காலத்துக் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் அவசியமான கல்வி என்பது என் உறுதியான எண்ணம்.

கிராம ஊராட்சிகளை இழையால் இணைக்க 2011-இல் மத்திய அரசு வகுத்து, 2015-இல் பாரத்நெட் என்று பெயர் மாற்றிய திட்டத்தை, தமிழ்நாட்டில் நிறைவேற்றும் பொறுப்பு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 1,815 கோடி ரூபாய் மதிப்பில், மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் பெரும்பாலும் மின்கம்பங்களின் மீதே கம்பி இழுத்து, நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் அளிப்பது அதன் சங்கல்பம். தருமபுரியின் 251 ஊராட்சிகளும் அந்தக் கணக்கில் அடங்கியவை. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வரும் இழை ஒன்று, வீட்டுக் கூடத்துக்கு வரும் இழை வேறு. பின்னதை இழுத்துத் தருபவர்கள் தொலைபேசி நிறுவனங்களும், தெருவெல்லாம் அறிந்த கேபிள்காரர்களுமே.

அந்த இழையின் வேகம் பிறப்பது ஒளியில். கண்ணாடி இழைக்குள் ஒளியை வளைத்துச் செலுத்தலாமென்று 1954-இல் ஹாப்கின்ஸ் என்னும் விஞ்ஞானியுடன் சேர்ந்து உலகுக்குக் காட்டியவர், பஞ்சாபின் மோகா நகரில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. கண்ணாடியைப் போதிய அளவு சுத்தப்படுத்தினால் அவ்வொளி வெகுதூரம் பிரயாணம் செய்யும் என்று 1966-இல் நிறுவியவர் சார்லஸ் காவ். 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. இன்று தெருவில் உபயோகத்திலிருக்கும் முறையில், நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை நொடிக்கு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட் தகவலைச் சுமந்து வந்து, ஸ்ப்ளிட்டர் என்னும் பிரிப்பானில் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கிடப்படுகிறது. மாலையில் எல்லா வீடுகளும் ஒரே சமயத்தில் படம் பார்க்கும்போது சில இடங்களில் வேகம் தளர்வதன் ஒரு காரணம் இப்பங்கீட்டில் இருக்கிறது.

புது இணைப்புக் கொடுக்க வரும் பணியாளரின் வேலையை அருகிலிருந்து கவனிப்பது பெரும் பிரயோஜனம் தரும். கறுப்பு உறையை உரித்து, தலைமயிரை ஒத்த பருமனே உள்ள இழையை வெளியே எடுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, சிறு கத்திப் பொறியில் வைத்து முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மிஷினில் இரு முனைகளையும் எதிரெதிரே வைப்பார். திரையில் இரண்டு கோடுகளாகத் தெரியும் அவை, க்ஷண நேர மின்பொறியில் உருகி ஒன்றாகும், நஷ்டம் 0.02 டெசிபல் என்பது போன்ற ஒரு சிறு எண் தோன்றும். அதன் பிறகு பவர் மீட்டரைச் செருகிப் பார்க்கச் சொல்வது வீட்டுக்காரரின் உரிமை. ஒளியின் பலம் டிபிஎம் கணக்கில் மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் இடைப்பட்டிருப்பது நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இணைப்பு அடிக்கடி அறுபடும். மூன்று டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடுமாதலால், அந்த முதல் நாள் அளவைக் காலண்டரின் ஓரத்திலாவது குறித்து வைத்துக்கொள்ளுதல் விவேகம். மிச்சமான கம்பியை ஆணியில் இறுக்கிச் சுற்றாமல், அகலமான வளையமாக விடச் சொல்லவேண்டும். கூர்மையாக மடிந்த இடத்தில் ஒளி கசிந்துவிடும்.

வேகம் குறைந்ததென்று தோன்றும்போது பரீட்சை செய்வதற்கு ஒரு கிரமம் உண்டு. முதலில் ஒளி: மோடத்தில் லாஸ் (LOS) என்ற எழுத்தருகே சிவப்பு விளக்கு எரிந்தால் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது மடிந்திருக்கிறது, வீட்டில் வேறெதையும் சோதிப்பதில் பயனில்லை. இரண்டாவது கம்பி: மடிக்கணினியை லேன் கேபிளால் மோடத்தோடு நேரே இணைத்து, மற்றக் கருவிகளை நிறுத்திவிட்டு, வேகத்தை அளக்கவேண்டும். 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் 95-ஐத் தாண்டவில்லையென்றால், எட்டுக் கம்பிகளில் நான்கு மட்டும் வேலை செய்யும் கேபிளோ, 100-க்கு மேல் தாங்காத பழைய போர்ட்டோ காரணமாயிருக்கும். மூன்றாவது காற்று: கம்பியில் முழு வேகமும் வந்து, கைப்பேசியில் மட்டும் வராவிட்டால், குற்றம் வைஃபையினுடையது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து செல்லும், ஆனால் மெதுவானது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவர்களுக்குள் களைத்துவிடும். இரும்பு பீரோவுக்கும் டிவிக்கும் பின்னால் மறைத்துவைத்த மோடம் குடத்திலிட்ட விளக்கே. அதைக் கூடத்தின் நடுவே, ஆள் உயரத்தில் மாட்டினாலே பல வீடுகளில் குறை தீர்ந்துபோகும்.

இன்னொரு மயக்கமும் நீங்கவேண்டும். பிளானில் சொல்லப்படும் எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது திரையில் காண்பது பைட் கணக்கு. எட்டுப் பிட் சேர்ந்ததே ஒரு பைட் ஆகையால், 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் இறங்குவது முழு வேகமே. அதைக் குறைவென்று கருதிக் கேபிள்காரரோடு சண்டையிடுவது நியாயமன்று.

இவ்வளவும் சரியாயிருந்து, லேன் கேபிளில் அளந்தபோதே காலை ஆறு மணிக்கு முழு வேகமும், இரவு ஒன்பது மணிக்குக் கால் பங்கும் சில நாள் தொடர்ந்து வருமானால், பழுது வீட்டிலன்று, நிறுவனத்தின் பாதையில் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். தேதி, நேரம், அளந்த எண் ஆகியவற்றை எழுதி, வாடிக்கையாளர் சேவை மையத்தில் புகார் பதிந்து, அதன் எண்ணைக் கேட்டு வாங்கவேண்டும். அங்கே தீராவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் வகுத்த விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்கவேண்டிய மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். "நெட் ஸ்லோவா இருக்குங்க" என்ற வார்த்தைக்கு, "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதே எப்போதும் கிடைக்கும் மறுமொழி. எண்களோடு சென்றவரை அவ்விதம் திருப்பியனுப்புவது எளிதன்று.

பிராட்பேண்ட் என்று அழைக்கப்படுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகத்தை 2023-இல்தான் 512 கிலோபிட்டிலிருந்து 2 மெகாபிட்டாக உயர்த்தினார்கள். ஆனால் அந்தக் குறைந்தபட்சம் போதாது. தருமபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வசிக்கும் குடும்பங்களுக்கு நகரத்து வேகம் நிலையாகக் கிட்டும்போதுதான் ஊராட்சிதோறும் இழை என்ற வாக்கு முழுமை பெறும். அதுவரை அதைக் கேட்டுக்கொண்டேயிருப்பது நம் கடமை. உயர்நிலைப் பள்ளியின் கணினி ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்கு இந்த மூன்று பரீட்சைகளையும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். வீட்டுக்கு ஒரு பிள்ளை அளக்கத் தெரிந்திருந்தால், தன் வீட்டுப் பழுதைத் தானே தீர்த்துக்கொள்ளவும், நிறுவனத்தின் பழுதை நிறுவனத்தையே தீர்க்கச் செய்யவும் அந்த ஊர் வல்லமை பெற்றுவிடும்.