தோப்பு நாயும் தெரு வீடும்

ராஜபாளையம் நாயை வாங்க ஆசைப்படுபவர்களை முதலில் இழுப்பது அதன் தோற்றம்தான். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண்கள், முக்கால் மீட்டரைத் தொடும் உயரம். 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்களின் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இதன் பெயரைச் சொன்னார். பெருமைப்பட வேண்டிய இனம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் குட்டியைத் தூக்கும் முன், நம் வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று யோசித்தாக வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியைத் துரத்தவும் தோட்டந்துரவைக் காக்கவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த நாய் இது. அசைவது கண்ணில் பட்டதும் பாய்வது, ஓரிருவரிடம் மட்டும் உயிராய் ஒட்டிக்கொள்வது, அந்நியர் கை மேலே படுவதைச் சகிக்காதது எல்லாம் அந்த வேலைக்காக வேண்டி வளர்த்த குணங்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை போய்விட்டது; குணம் போகவில்லை. ராஜபாளையத்துக்கு மேற்கே வேலி போட்ட மாந்தோப்பில் இந்தக் குணங்களுக்கு இன்றும் வேலை இருக்கிறது. இரவில் சுற்றி வர இடம் உண்டு, முன்பின் தெரியாத ஆட்கள் வருவதும் குறைவு. பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயிலைச் சுற்றி வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் நிலைமை வேறு. வாசலிலேயே ஆள் நடமாட்டம், திருவிழாக் கூட்டம், பால்காரர், ஓடி விளையாடும் பிள்ளைகள். தோப்பில் காவலாக இருந்த அதே சுபாவம் இங்கே கடியாக மாறலாம். பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போட்டால் இன்னும் மோசமாகும்.

வளர்க்கிற விதத்தில் வளர்த்தால் எந்த நாயும் சாதுவாகிவிடும் என்பார்கள். அதில் பாதி உண்மை உண்டு. 2022இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை அலசி, ஒரு நாயின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்றது. அதை வைத்துக்கொண்டு எந்தக் குட்டியை எடுத்தாலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. இனத்தின் பெயரை மட்டும் நம்பாமல், எதிரே நிற்கும் அந்த ஒரு நாயைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் அதற்குப் பொருள் கொள்கிறேன். தாய் நாய் புது ஆளைக் கண்டதும் என்ன செய்கிறது? ஒரே ஈத்தில் எந்தக் குட்டி தானாக வந்து கையை முகர்கிறது, எது மூலையில் பதுங்குகிறது? உடல்வாகோ பெரும்பாலும் இனத்தோடு வருவது. ஓடப் பிறந்த நீண்ட கால்களுக்கு எந்தப் பயிற்சியும் மாடிவீட்டு வராந்தாவைப் போதுமானதாக்கிவிடாது.

வெள்ளை நிறத்தோடு வரும் செவிட்டுத்தன்மையையும் இங்கே சொல்லியாக வேண்டும். உட்செவி வேலை செய்ய நிறமிச் செல்கள் தேவை. அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். கூடப் பிறந்தவற்றைப் பார்த்தே நடந்துகொள்வதால் செவிட்டுக் குட்டியைக் கூட்டத்துக்குள் கண்டுபிடிப்பது கடினம். தனியே எடுத்துவைத்து, முதுகுப் பக்கமிருந்து கைதட்டிப் பார்க்க வேண்டும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இதிலும் தப்பிவிடும். அதற்கு மருத்துவமனைச் சோதனைதான் வழி. செவிட்டு நாயையும் அன்பாக வளர்க்கலாம். ஆனால் தூங்கும்போது சட்டென்று தொட்டால் மிரண்டு கடித்துவிடக்கூடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படியெல்லாம் தடுத்தால் நாட்டு இனம் அழிந்துவிடாதா என்ற கவலை நியாயமானது. எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனாலும், பொருந்தாத வீட்டுக்குப் போய் ஓராண்டில் தெருவில் விடப்படும் நாயால் இனத்துக்கு லாபமில்லை. முரட்டு நாய் என்ற கெட்ட பெயர்தான் மிச்சம். அடிவாரத்துத் தோப்புக்காரர்களும், காலையும் மாலையும் நாயோடு ஓட நேரமுள்ளவர்களும் நல்ல கால்வழியைப் பேணினாலே இந்த இனம் நிலைக்கும். தேரோடும் தெருவில் குடியிருந்துகொண்டு நாய் வேண்டும் என்பவருக்கு, மனிதக் கூட்டத்துக்கு நடுவிலேயே பிறந்து பழகிய தெருக்குட்டி ஒன்று பெரும்பாலும் நன்றாகப் பொருந்தும். அதுவும் நாட்டு நாய்தான். தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்து வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.